அணியம் உயர்ந்த கார்

கலியாணத்துக்கு முன் என் நிறையைக் கேட்ட ஒரே ஆண்பிள்ளை என் கணவர்தான். அதையும் நேருக்கு நேர் நின்று கேட்கவில்லை. காருக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்டார். நான் மேலே முன் ஆசனத்தில் இருந்தேன். "உமக்கு எத்தினை இறாத்தல்?" என்று குரல் மட்டும் வந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் எப்போதும் குந்தியிருக்கும். அன்றும் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன். ஐந்து இறாத்தல் குறைத்துச் சொன்னால் காரின் பாரம் தாங்கும் வில்லுக் கணக்குப் பிழைத்துப்போகும் என்று அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியவந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுக் கார் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது. யாழ்ப்பாணத்து றோட்டுகளில் ஓடியதெல்லாம் பத்துப் பதினைந்து வருடம் உழைத்துக் களைத்தவை. ஒன்றின் கதவு இன்னொன்றில் இருக்கும், லொறியின் விளக்கு காரில் எரியும். அண்ணையிடமும் அப்படி ஒரு பழைய ஏ ஃபோர்ட்டி இருந்தது. வாடகைக்கு ஓடினார். வெள்ளிக்கிழமைகளில் சன்னதி கோயிலுக்குச் சனம், மற்ற நாட்களில் சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சில விடியல்களில் மீன் கூடைகள். பதினொரு பேர் ஏறிய நாளும் உண்டு. அந்தப் பதினொன்றில் அண்ணை சேர்த்தியில்லை.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அந்தக் காரின் உழைப்பில்தான் உலை கொதித்தது. எங்கள் ஆட்கள் தொண்டைமானாற்றில் பரம்பரையாகக் கடலை நம்பிய ஆட்கள். ஆனால் அண்ணைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் கால் வைத்தால் போதும், குடலைப் பிரட்டிச் சத்தி வரும். ஊரே சிரித்தது. அம்மா நேர்த்தி வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் அம்மாவின் தாலிக்கொடி போய்த்தான் அந்தக் கார் வந்தது.

மீன் கூடையின் உப்புத் தண்ணீர் காரை அடியிலிருந்து தின்றுகொண்டே வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஒருநாள் அண்ணை கீழே படுத்து, காரின் எலும்புபோல நீளத்துக்கு ஓடும் அடிச்சட்டத்தை, சேசி என்று சொல்வோம், திருகாணி முறுக்கும் கம்பியால் தட்டிப் பார்த்தார். கம்பி மறுபக்கம் வந்துவிட்டது.

அந்தக் கிழமையில்தான் எனக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியில் வேலை. தாய் தகப்பன் இல்லை, தமக்கைதான் வளர்த்தவர். சன்னதியில் வைத்து என்னைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கும்பிட்டுக்கொண்டு நின்ற கைகளின் நகங்களுக்குள் கறுப்பாக எண்ணெய் ஊத்தை. எத்தனை தரம் உரஞ்சினாலும் போகாத ஊத்தை அது, அண்ணையிடம் கண்டிருக்கிறேன். எனக்கு ஆளைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போது இருபத்தாறு. இரண்டு சம்பந்தம் வந்து குழம்பியிருந்தது. இதையும் விட்டால் இனி ஒன்று வருமென்று அம்மா நம்பவில்லை.

தமக்கையார் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "உங்களிட்டைக் கார் ஒண்டு இருக்காமே?"

"ஓம், இருக்கு. அது தங்கச்சிக்குத்தான்" என்றார் அண்ணை. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அவர்கள் படலை தாண்டியதும் குசினிக்குள் அண்ணையை மறித்துக்கொண்டு நின்றேன்.

"காரைக் குடுத்துப்போட்டு நீங்கள் என்ன செய்யப் போறியள்?"

"மாமாவோடை கடலுக்குப் போவன்."

"நீங்களோ? கரையிலை நிண்டு வள்ளத்தைப் பாத்தாலே உங்களுக்குப் பிரட்டும்!"

"பழகினால் சரிவரும். நீ வாயை மூடிக்கொண்டு இரு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். என்னை வாயை மூடச் சொல்வது எங்கள் வீட்டில் பழைய வழக்கம். பலித்ததுதான் இல்லை.

சீதனமாகக் கொடுக்கிற காரை இற்றுப்போன சேசியோடு கொடுக்க அண்ணையின் மானம் விடவில்லை. புதிதாக ஒன்று கட்டுவதென்று முடிவெடுத்தார். கட்டுவதற்கு அவர் தேடிப்போன ஆள் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. மாமா ஓடாவி, வள்ளம் கட்டுகிறவர். அவர் கட்டிய வள்ளம் பிழைபோனதென்று எந்தத் துறையிலும் கதை இல்லை. காரில் ஏறியிருக்கிறாரே தவிர அதற்குக் கீழே குனிந்து பார்த்ததில்லை. "நாலு சில்லிலை ஓடுற வள்ளம், அவ்வளவுதானே" என்றார்.

அச்சுவேலிப் பக்கம் பிரித்துப் போட்டிருந்த லொறி ஒன்றின் இரும்புச் சட்டம் இரண்டு வந்து இறங்கின. உருக்கி ஒட்டுகிறவர் ஒருவர் தன் சாமான்களோடு வந்து எங்கள் வளவில் ஒரு மாதம் சாப்பிட்டார். மாமா மணலில் கயிறு பிடித்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து வெட்டுவித்தார். பழைய சேசியைவிட இரண்டடி நீளம் கூட்டினார், அதுவும் பின்னுக்கு. "சாமான் ஏத்த இடம் வேணுமே" என்றார். முன் சில்லுகளின் சுருள் வில்லுகளுக்குக் கீழே இரும்பு வளையம் செய்து வைத்து மூக்கைத் தூக்கினார். வள்ளத்தின் முன்பக்கத்தை அணியம் என்போம். "அணியம் தலை நிமிந்து நிக்கவேணும். குனிஞ்சு நிண்டால் அது வள்ளமில்லை, தொட்டி." பின் வில்லுக்கு லொறித் தகடு மூன்று கூட்டினார்கள்.

இந்த வேலையில் என் பங்கு, பாரத்துக்கு இருப்பது. ஆள் பாரம் எவ்வளவு பதிக்கிறதென்று பார்க்க ஆட்கள் வேண்டும். வேலைவெட்டி உள்ளவர்கள் வருவார்களா? என்னையும் ஆறு வெங்காயச் சாக்கையும் பின் ஆசனத்தில் ஏற்றிவிட்டு இருவரும் நாலு மூலையையும் முழம் போட்டார்கள். "தங்கச்சி, கொஞ்சம் இடக்கைப் பக்கம் சரி. ஒரு சாக்கை மடியிலை வை." கலியாணப் பெண்ணை மஞ்சள் பூசி வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னை வெங்காயத் தூசு பூசி வைத்திருந்தார்கள்.

எல்லாம் முடிந்து பாரமும் ஏறியபோது கார் வானத்தைப் பார்த்தது. மாலையில் விளக்கைப் போட்டால் வெளிச்சம் பனை வட்டுகளில் விழுந்தது. மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எப்பிடி?" என்றார். வழியால் போன ஆட்களெல்லாம் வந்து நின்று பார்த்து, நல்ல எடுப்பான சாமான் என்றார்கள். கடற்கரை ஆட்களின் கண்ணுக்கு அது அழகுதான். நானும் கைதட்டினேன், அதை மறைக்கமாட்டேன். அண்ணை வெறும் காரை மணல் ஒழுங்கையில் இரண்டு தரம் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை.

கார் பார்க்கும் நாள் வந்தது. காலை பத்து மணியளவில் மாப்பிள்ளையும் தமக்கையும் தமக்கையின் கணவர் அத்தானும் பஸ்சில் வந்து இறங்கினார்கள். பார்த்துவிட்டு அந்தக் காரிலேயே காங்கேசன்துறைக்குத் திரும்புவதாகப் பேச்சு. அம்மா விடுவாரா? தேங்காய் ஒரு சாக்கு, வெங்காயம் இரண்டு சாக்கு, கருவாட்டுக் கடகம் என்று பின்னால் நீட்டிய இரண்டடியையும் நிரப்பிவிட்டார். "பொம்பிளையும் வரட்டும்" என்றார் தமக்கை. பின் ஆசனத்தில் தமக்கை, அத்தான், அம்மா, நான். மாப்பிள்ளை ஓட்ட, பக்கத்தில் அண்ணை. மாமா ஆற்றுப் பாலத்தடியில் தன் வள்ளத்தருகே நின்று நாங்கள் போவதைப் பார்க்கக் காத்திருந்தார்.

பாலத்துக்குக் கிட்ட றோட்டு ஒரு வளைவு வளையும். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் திருப்பினார். நான் பின்னால் இருந்து பார்த்தேன், நன்றாகத்தான் திருப்பினார். ஆனால் கார் திரும்பவில்லை. முன் சில்லுகள் மணலைத் தொட்டும் தொடாமலும் வழுக்க, நேரே போய், கரையால் இறங்கி, முழங்கால் ஆழத் தண்ணீரில் மூக்கை வைத்து நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தேங்காய்ச் சாக்கு வெடித்துத் தேங்காய்கள் ஆற்றில் மிதந்தன.

வலை காயவைத்துக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்தார்கள். கயிறு கட்டி, வள்ளம் இழுக்கும்போது போடுகிற அதே ஏலோலம் போட்டுக் காரைக் கரையேற்றினார்கள். நடுவில் சிரிப்புத் தாங்காமல் ஒரு தரம் கயிற்றை விட்டும்விட்டார்கள். தமக்கையார் சேலைக் கரையைப் பிழிந்தபடி நின்றார்.

அண்ணையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது மாப்பிள்ளை முந்திக்கொண்டு சொன்னார். "பிழை என்னிலைதான் அக்கா. கொஞ்சம் பிந்தித் திருப்பிப்போட்டன்."

எனக்கு அவர் ஏன் அப்படிச் சொன்னாரென்று விளங்கியது. அண்ணையின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னார். நான் பேசாமல் நின்றிருந்தால் கார் நல்ல காரென்றே ஆகியிருக்கும், கலியாணமும் நடந்திருக்கும். அண்ணை கடலுக்குப் போயிருப்பார். பிறகொருநாள் இதே வளைவில் எங்கள் பிள்ளைகளோடு அந்தக் கார் ஆற்றுக்குள் போயிருக்கும். அந்த நேரத்தில் என் மனதில் நல்ல நினைவு மட்டும்தான் இருந்ததென்று சொன்னால் அது பொய். கார் வேண்டாமென்று அவர்கள் சொல்லிவிட்டால் அது அண்ணைக்கே மிஞ்சும் என்ற ஆசையும் இருந்தது. அந்த மனிதரை இழந்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. வாய் எதற்கும் காத்திருக்கவில்லை.

"பிழை உங்களிலை இல்லை. எங்கடை ஆக்கள் வள்ளமெல்லோ கட்டியிருக்கினம். வள்ளத்துக்குச் சுக்கான் பின்னுக்கு. பின்னுக்குப் பாரம் வைச்சு அணியத்தைத் தூக்கினால் நல்லாத் திரும்பும். காருக்குச் சுக்கான் முன்னுக்கு! முன் சில்லு நிலத்திலை பதியாட்டி என்னத்தைத் திருப்புறது?"

அம்மா என் கையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது. மாமா தலைப்பாகையைக் கழற்றி உதறி மறுபடி கட்டினார். அண்ணை என்னைப் பார்க்கவேயில்லை.

மாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கினார். நக்கல் சிரிப்பல்ல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படியே ஈர மணலில் படுத்துக் காருக்குக் கீழே போனார். வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் சேறு. மாமாவிடம் போய், "நீங்களோ கட்டினது? இப்பிடி ஒரு சட்டம் நான் எங்கையும் காணேல்லை. இதுக்கு மேலை ஒரு கோயில் வைக்கலாம். பின்னுக்கு ரெண்டடி மட்டும் கூடிப்போச்சு" என்றார்.

"கட்டினதை வெட்டுறதோ?" என்று கேட்ட மாமா அதன்பிறகு நாலு நாள் எவருடனும் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் விடிய, இரும்பு அறுக்கும் வாளொன்றோடு தானே வந்து தானே வெட்டினார். வேறு ஆரையும் தொட விடவில்லை.

தமக்கையார் ஒன்றுதான் சொன்னார். கார் நேராகட்டும், பிறகு நாள் வைக்கலாம். அதனால் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் வரத் தொடங்கினார். கலியாணம் ஆகாத மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது அந்த நாளில் சின்ன விசயமில்லை. ஆனால் அவர் காரைப் பார்க்கத்தான் வருகிறார், அதில் ஆர் என்ன சொல்ல முடியும்? காவலுக்கு அத்தானும் கூட வருவார். பின் ஆசனப் பாரத்துக்கு அவரையே ஏற்றிவிடுவார்கள். நல்ல கனமான மனிதர். ஏறிய ஐந்தாவது நிமிடம் குறட்டை கேட்கும்.

முன் ஆசனம் எனக்கு. முன் தளத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, துருப் பிடித்து விழுந்தது. அதனூடாகத்தான் நாங்கள் கதைத்தோம். அவர் வளையங்களைக் கழற்றினார், கூட்டிய மூன்று தகடுகளில் இரண்டை எடுத்தார், மேலதிக சில்லைப் பின்னாலிருந்து கொண்டுவந்து முன்பக்கமாக வைத்துப் பார்த்தார். இடையில் எனக்கு என்ன படிக்கப் பிடிக்கும், காங்கேசன்துறைக் காற்றில் தூசு அதிகம் பரவாயில்லையோ, சமையலில் உறைப்புக் கூட்டுவீரோ குறைப்பீரோ என்று ஓட்டை வழியே கேள்வி வரும். நானும் ஓட்டையைப் பார்த்துப் பதில் சொல்வேன். அவர் முகத்தை முழுதாகப் பார்த்ததைவிட அவருடைய இரண்டு பாதங்களைத்தான் அந்த மாதங்களில் கூடப் பார்த்திருப்பேன். நிறை கேட்டதும் அப்படி ஒரு ஞாயிறுதான்.

"கோபமோ?" என்றார் சற்றுப் பொறுத்து.

"கேட்டதுக்கில்லை. அத்தானைக் கேக்காமல் என்னை மட்டும் கேட்டதுக்கு."

"அவர் மாறமாட்டார். உமக்குக் கலியாணச் சாப்பாட்டிலை ரெண்டு இறாத்தல் கூடுமோ எண்டு பயம்." நான் காலால் தளத்தைத் தட்டினேன். அவர் கண்ணுக்குள் துரு கொட்டுண்டது.

கார் ஒவ்வொரு கிழமையும் திருந்திக்கொண்டு வந்தது. அண்ணை ஒவ்வொரு கிழமையும் அடங்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையோடு சேர்ந்து வேலை செய்யும்போது சிரிப்பார், நன்றாகவே சிரிப்பார். மற்ற நாட்களில் விடிய முன்னம் எழும்பி மாமாவின் வள்ளத்தில் போனார். ஒன்பது மணிக்கு வருவார், கையில் மணந்துகொண்டு வந்த எலுமிச்சங்காய். முகம் வெளிறியிருக்கும். "பழகுது, பழகுது" என்பார். ஒருநாள் கிணற்றடியில் அவர் குனிந்து நிற்பதைக் கண்டேன். நான் கண்டதை அவர் காணவில்லை. என் கலியாணத்தை நானே வெறுத்த நாள் அது.

கடைசி ஞாயிறு முழுப் பாரத்தோடு அதே வளைவுக்குப் போனோம். மாமா பாலத்தடியில் நின்றார். அண்ணைதான் ஓட்டினார். வேகத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. கார் தாழ்ந்து, நிலத்தைப் பிடித்துக்கொண்டு, சொன்ன சொல் கேட்டுத் திரும்பியது. பள்ளங்களில் ஒரு தரம் அமிழ்ந்து ஒரு தரம் எழும்பும், அவ்வளவுதான். புதுக் காரில் போனவர்கள்கூட அப்படி ஒரு சுகம் கண்டிருக்கமாட்டார்கள். அத்தான் குறட்டையை நிறுத்தவில்லை, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? "கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ" என்றார் பின்னால் இருந்த தமக்கை.

சீதன உறுதிப்பத்திரம் எழுத நொத்தாரிசு எங்கள் வீட்டுக்கே வந்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடி நூலில் கட்டியிருக்கும். வீட்டுக் காணியில் என் பங்கு, நகை, பிறகு கார் என்று வாசித்தார். கையெழுத்துகள் வைத்து முடிந்தது. கார்ப் புத்தகத்தை என் கையில் தந்து, "இனி இது பிள்ளையின்ரை சொத்து" என்றார்.

"என்ரை எண்டால், மாப்பிளை வீட்டாரின்ரை இல்லையோ?"

"எங்கடை சட்டத்திலை சீதனம் பொம்பிளையின்ரை. உமக்குத்தான் சொந்தம்."

"அப்ப ஆர் ஓடுறதெண்டு நான் சொல்லலாமோ?"

"தாராளமா."

இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் உறுதி எழுதிய அன்றைக்கே அதைக் கையில் எடுத்த பெண்ணை அந்த மனிதர் கண்டிருக்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

மேசையில் கிடந்த கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு அண்ணையிடம் போனேன். "அண்ணை, என்ரை காருக்கு ஓட ஆள் வேணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. சன்னதிக்குப் போற சனம் சந்தியிலை காத்துக்கொண்டு நிக்கும்."

"விசர்க் கதை கதைக்காதை. உது மாப்பிளை வீட்டுக்குப் போற சாமான்."

"இல்லை. என்ரை சாமான். இப்பதானே வாசிச்சவர்."

தமக்கையார் பாதி எழும்பி, "அப்ப தம்பி எதிலை போறது?" என்றார்.

"எனக்குச் சைக்கிள் இருக்கு அக்கா" என்றார் மாப்பிள்ளை. "கார் ஆரின்ரையோ, அவதான் சொல்லவேணும். ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும் என்னைக் கீழை படுக்க விட்டால் காணும்." மாமா சத்தமாகச் சிரித்துவிட்டார். தமக்கையார் திரும்பவும் கதிரையில் இருந்தார். முகம் இளக இன்னும் ஒரு தேத்தண்ணியளவு நேரம் பிடித்தது, ஆனால் இளகியது.

அண்ணை திறப்பை வாங்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்து விரித்து அதற்குள் வைத்து மூடினேன். எழும்பி முற்றத்துக்குப் போனார். காரின் முன் மூடியைத் திறந்து, தலையை எஞ்சினுக்குள் விட்டுக் குனிந்துகொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அம்மா இலை போட்டுவிட்டு இரண்டு தரம் கூப்பிட்டார்.

அந்த எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் போய் அவர் பக்கத்தில் நின்று தலையை உள்ளே விட்டுக் குனிந்துகொண்டேன்.